கூடாரத்தில் அடுப்பும் குடும்பப் பாதுகாப்பும்



கரும்பு வெட்டவும் செங்கல் சூளை வேலைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள், வேலை நடக்கும் இடத்திலேயே தார்ப்பாய்க் கூடாரம் போட்டுத் தங்குவதுண்டு. சமையலுக்கு விறகடுப்பு. மழை பெய்தாலோ, பனி இறங்கினாலோ அடுப்பு கூடாரத்துக்குள் வந்துவிடுகிறது. ஆபத்தும் அதோடு சேர்ந்தே வருகிறது.

ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். மார்கழிப் பனி. கைக்குழந்தை குளிரில் சிணுங்குகிறது.

"ஏங்க, விறகு எரிஞ்சு முடிஞ்சிடுச்சு, புகையே இல்ல. இந்தத் தணலைச் சட்டியில அள்ளி உள்ள வைக்கட்டுமா? புள்ளைக்குக் கதகதப்பா இருக்கும்."

"வை புள்ள. பனி உள்ள வராம நான் படுதாவை இழுத்துக் கட்டிடறேன்."

இருவரும் குழந்தையின் நலத்தை நினைத்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் இது உயிருக்கே உலை வைக்கும் காரியம்.

ஏன்?

விறகும் கரியும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உண்டாகிறது. புகை கண்ணைக் கரிக்கும். எழுந்து வெளியே ஓடுவோம். நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிய தணலிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்காமலே இறந்துவிடலாம். வயிற்றிலுள்ள சிசுவுக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

என்ன செய்ய வேண்டும்?

1. அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே, 10 அடியாவது தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத இடத்தில் போடுங்கள். மழைக்கு நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டால் போதும். பக்கங்களை அடைக்காதீர்கள்.

2. படுதாவைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும் என்று எண்ணித் தணலை உள்ளே வைக்காதீர்கள்.

3. படுக்கப் போகுமுன் தணலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு விடியும்வரை கிடக்கும்.

4. குழந்தைக்குக் குல்லாய் போட்டு, தாயோ தகப்பனோ மார்போடு அணைத்துப் போர்வை சுற்றிக்கொள்ளுங்கள். உடம்புச் சூடே போதும்.

5. ஈர விறகு பற்றுவதற்காக மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். படுதாவில் தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டும். அடுப்பருகே ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

அறிகுறிகள்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. கூடாரத்தில் பலருக்கும் ஒரே நேரத்தில் இவை வந்தால், "பித்தம்தான், தூங்கினா சரியாயிடும்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே எல்லாரையும் வெளியே காற்றோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். 108-க்குச் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிக்குத் தலைவலி விட்டுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

"தணலை உள்ள வைக்கட்டுமா?" என்று மனைவி கேட்டாலும், கணவர் கேட்டாலும், மற்றவர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: "வேண்டாம், தண்ணி ஊத்தி அணைச்சிடு."

அடுப்பு வெளியே! அச்சமற்ற தூக்கம் உள்ளே!