மொடலோடு வேலை தொடங்கும் பிள்ளைகளுக்கு

தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதி ஓரியன் சிட்டிப் பக்கம் மென்பொருள் வேலைக்கு வரும் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகத்தில் யூஎம்எல் என்ற மென்பொருள் வரைபட மொழியைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்து சில மாதத்துக்குள் அது பரீட்சைக்கு மட்டும் உரியது என்று முடிவுகட்டிக் கைவிட்டும் விடுகிறார்கள். எனக்கு அது பெரிய கவலை. மொடலிலிருந்து மென்பொருளைப் பிறப்பிக்கும் வழி நம்முடைய வேலைக்கு நன்றாகப் பொருந்தும் என்று நம்புகிறவன் நான். அதனால் இதைச் சொல்கிறேன்.

1. வரைய முன்னர் விஷயத்தைப் படியுங்கள். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுங்கள். பழைய இலக்கத்தில் 9 எண்களும் ஈற்றில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். முதல் 2 எண்கள் பிறந்த ஆண்டு; அடுத்த 3 எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணானால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016இல் 12 எண்கள் கொண்ட புதிய இலக்கம் வந்தது. பழையதும் ஒழியவில்லை. ‘இலக்கம் என்றால் பத்து எழுத்து’ என்பதைப் படிவத்துக்குப் படிவம், அட்டவணைக்கு அட்டவணை தனித்தனியாக எழுதி வைத்திருந்தால் அத்தனையையும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். ‘அடையாள அட்டை இலக்கம்’ என்ற ஒரு வகையை மொடலில் ஒருமுறை வரையறுத்து, தரவுத்தளம், திரை, சரிபார்ப்பு மூன்றையும் அதிலிருந்து பிறப்பித்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். பிறந்த திகதியும் பாலும் இலக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் தனியாகவும் சேமிக்கிறீர்கள் என்றால், இரண்டும் முரண்படக்கூடாது என்ற விதியையும் மொடலிலேயே எழுதுங்கள்.

பெயர் விஷயமும் அப்படித்தான். தகப்பன் பெயரை முதலெழுத்தாக்கி முன்னால் போடும் நம் ஆட்களிடம் குடும்பப் பெயர் கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் மொடல், ஆளைப் பார்க்காமல் வரைந்த மொடல்.

2. பிறப்பித்த கோட்டில் கை வைக்காதீர்கள். அப்பாச்சி அக்சிஸ்2 என்ற இணையச் சேவைத் தளத்தில் இலங்கைப் பொறியியலாளர்களின் உழைப்பு நிறைய உண்டு. சேவையின் விவரணத்தைக் கொடுத்தால் ஜாவா கோட்டைத் தரும் கருவி அதில் இருக்கிறது. வந்த கோட்டைக் கையால் திருத்தினால், விவரணம் மாறி மறுபடி பிறப்பிக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். கையால் எழுதுவதைத் தனிக் கோப்பில் வையுங்கள். பிறப்பிக்கும் கருவியின் எந்தப் பதிப்பைப் பாவித்தீர்கள் என்பதையும் பதிந்து வையுங்கள்.

3. படமும் கோட்டும் இரண்டு உண்மைகளாக இருக்க விடாதீர்கள். இந்தத் துறையில் நான் ஆகப் பெரிதாக நினைப்பது இதைத்தான். சுவரில் ஒரு படம், கணினியில் வேறொரு கோட் என்றால் கொஞ்ச நாளில் படம் பொய்யாகிவிடும். பொய்யான படத்தை நம்பித் தொடங்கும் புதியவர், படமே இல்லாதவரைவிட மோசமாக வழிதவறுவார். 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பாலரினா மொழியைக் கட்டாயம் பாருங்கள். அதன் 1.0 பதிப்பு 2019 செப்டெம்பரில் வந்தது. அதில் நிரல் ஒன்றை எழுதினால் அதே நிரல் தொடர்வரிசைப் படமாகவும் தெரியும்: யார் யாரை அழைக்கிறார், எது எதற்குக் காத்திருக்கிறது என்பதெல்லாம். படம் கோட்டிலிருந்தே வருவதால் இரண்டும் விலகிப்போக வழியில்லை. கொழும்பில் பிறந்த மொழி இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு விடை சொல்லியிருப்பது எனக்குப் பெருமை.

4. எல்லாவற்றையும் மொடலாக்கப் போகாதீர்கள். மரியன் பீட்டர் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வுக்காக 50 மென்பொருளாளர்களிடம் பேசினார். அவர்களில் 35 பேர் யூஎம்எல்லைப் பாவிக்கவே இல்லை. படத்தையும் கோட்டையும் ஒத்துப்போக வைத்திருப்பது சிரமம் என்பது அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. மனம் உடைய வேண்டாம், காரணத்தைப் படியுங்கள். எல்லாவற்றையும் வரைவதற்குப் பதிலாக, காப்புறுதிக் கட்டணம், கப்பல் சரக்குப் பத்திரம் போல ஒடுக்கமான, நன்கு தெரிந்த ஒரு துறைக்குச் சின்ன மொழியொன்று செய்யுங்கள். அந்தத் துறைக்காரர் அதை வாசித்துப் பிழை பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

5. உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்தில் மொடல் சரியென்று நிறுவிக் காட்டுங்கள். தெமட்டகொடையில் ரயில் எஞ்சின் கொட்டகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ரயில் உதாரணமே சொல்கிறேன். 1998இல் திறந்த பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடத்தில் ரயில்கள் சாரதி இல்லாமல் ஓடுகின்றன. அதன் பாதுகாப்பு மென்பொருளை ‘பி’ என்ற கணித முறையில் மொடலாக எழுதி, சரியென்று நிறுவி, அதிலிருந்து ஏறக்குறைய 86,000 வரி ஏடா மொழிக் கோட்டைப் பிறப்பித்தார்கள். நிறுவிய பகுதிக்கு அலகுச் சோதனைகளையே விட்டுவிட்டார்கள்.

6. ஆய்வுக்குப் போகிறவர்கள் இன்னொரு புதிய கருவி செய்யத் தொடங்க முன்னர், இங்கேயே விடை தேடவேண்டிய ஒரு கேள்வியை எடுங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பொறியியலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். எழுதியவர் போன பிறகு அந்த மென்பொருளைத் தொடர்ந்தவர் எதை வைத்து விளங்கிக்கொண்டார்? மொடலில் இருந்து பிறப்பித்த குழுக்களுக்கும் கோட் மட்டும் வைத்திருந்த குழுக்களுக்கும் அதில் வித்தியாசம் உண்டா? மொறட்டுவையிலோ கொழும்பிலோ படிக்கும் ஒருவர் பஸ் ஏறிப் போய், பொறுப்பேற்றவர்களிடமே கேட்டு எழுதலாம். முதலில் பழைய கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கேள்விகளைக் கேளுங்கள்.