நெடிய இளைஞரைத் தேர்தலும் பயிற்றலும்

ஒருவரை ஒரு தொழிற்குத் தேரும் முறை இருவகைப்படும். அவர் இதுகாறும் செய்து காட்டியதனைக் கண்டு தேர்தல் ஒன்று. இனிச் செய்யக்கூடுவதனைக் கருதித் தேர்தல் மற்றொன்று. முன்னையது எளிது, கண்முன் நிற்கும் சான்றே அதற்குப் போதும். பின்னையதோ அரிது, தேர்வோர்க்குக் கூரிய பார்வையும், தேர்ந்தபின் நீண்ட பொறுமையும் வேண்டப்படுதலின். கூடைப்பந்தாட்டத்தில் இப்பின்னைய முறை பெரிதும் பயில்கின்றது. பயிற்சி நிரம்பாத, ஆயினும் ஏழடியை எட்டி வளர்ந்த இளைஞர்பால் ஓர் அணி தன் நம்பிக்கையை வைத்தல் தகுமோ? வைத்தபின் அவ்வணியின் கடமை யாது? இவ்விரு வினாக்களையும் யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பட்டு நெய்யும் பெரிய காஞ்சிபுரத்தில் வளர்ந்த எமக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று கேட்பாரும் உளராவர். எம் தெருவில் நெசவாளர் குடியிற் பிறந்த நண்பரொருவர் உளர். பதினாறாம் அகவையிலேயே ஆறடி நான்கங்குலம் வளர்ந்துவிட்டார். வீட்டு நிலைப்படியில் தலை இடியாமல் அவர் நுழைந்த நாள் இல்லை. குழித்தறியில் அமர்ந்தாலோ முழங்கால் மடங்க இடமின்றி வருந்துவார். அவர் உயரத்தை ஒருநாள் கண்ட ஓர் அணியார், பந்தைத் தொட்டும் அறியாத அவரை அழைத்துச் சென்றனர். ஓராண்டுக் காலம் அவர் ஆடுகளத்தின் ஓரத்திலிருந்த பலகையில் அமர்ந்திருந்தார். அடுத்த ஆண்டு, "நீ இன்னும் ஆடக் கற்கவில்லையே" என்று கூறி விடுத்தனர். அவ்வாண்டுத் தேர்வும் கைவிட்டுப் போயிற்று. அவர்க்கு ஆட்டத்தைக் கற்பித்தவர் எவரேனும் உளரோ என்னும் வினாவை அன்று ஒருவரும் எழுப்பிலர். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

உயரத்தின் பயன்

இவ்வாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக் கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் தோன்றியது. பனிக்காலத்தில் மாணவர்க்கு உள்ளரங்கில் ஆட ஓர் ஆட்டம் வேண்டுமென்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டினை அரங்கின் மேல்மாடக் கைப்பிடியில் அறைந்தார். அக்கைப்பிடி தரையினின்று பத்தடி உயரத்தில் இருந்தமையால், இற்றைக்கும் வளையம் பத்தடி உயரத்திலேயே நிற்கின்றது. அச்சங்கத்தின் வழியாகவே உடற்பயிற்சிக் கல்வி நம் நாட்டிலும் வேரூன்றியது. சென்னையில் 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்பார் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி அதற்குச் சான்று.

வளையம் பத்தடியில் நிற்க, ஏழடி மனிதனொருவன் கைகளை உயர்த்தி நிற்பானாயின், சிறிதே எழும்பினும் வளையத்தை எட்டுவான். எதிரி எறியும் பந்தைத் தடுத்தலும், வளையத்திற் பட்டு மீளும் பந்தைப் பற்றுதலும், அருகில் நின்று பந்தை உள்ளே இடுதலும் அவனுக்கு எளியவாம். விரைவையும் குறியையும் பயிற்சியால் வளர்க்கலாம். உயரத்தை எப்பயிற்சியாலும் வளர்த்தல் இயலாது. "உயரத்தைக் கற்பித்தல் இயலாது; ஏனையவற்றைக் கற்பிக்கலாம்" என்பதே அணியார் எண்ணம்.

இவ்வெண்ணத்தில் ஒரு பாதி உண்மை. மறு பாதியோ மயக்கம். ஏனையவற்றைக் கற்பிக்கலாம் என்பது மெய்யே. ஆனால் அவை தாமே வந்தெய்துவன அல்ல. நெடியோர்க்குக் கால்வைப்பு எளிதில் அமைவதில்லை. உடலின் நிறை மிகுதலின் பாதமும் முழங்காலும் விரைவில் நோவுறும். எப்பொழுது எழும்புவது, எப்பொழுது நிலத்தில் நிற்பது என்னும் காலவுணர்வு பல ஆட்டங்கள் ஆடியபின்னரே வாய்க்கும். அதுவரை எதிரியின்மேல் மோதித் தவறுகள் மிகுத்து, ஆட்டத்தினின்று நீக்கப்படுவர். சிறிய உடலினர் சிறுவயது தொட்டே பந்தோடு பழகியிருப்ப, நெடியோர் பலர் தம் உயரம் பிறர் கண்ணிற் பட்டபின்னரே, பதினைந்தாம் அகவையை ஒட்டி ஆட்டத்திற்கு வருகின்றனர்.

அணியார் கணக்கு

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகள் ஆண்டுதோறும் இளைஞரை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இத்தேர்வு இரண்டு சுற்றுக்களாக நடைபெறும். முதற்சுற்றிற் பெயர் பெற்றுக் கையொப்பமிட்டோர்க்குச் சில ஆண்டு ஊதியம் உறுதி. இரண்டாம் சுற்றினர்க்கு அவ்வுறுதி விதியால் அமைந்ததன்று. ஆகவே, இரண்டாம் சுற்றில் ஓர் அணி பயிற்சியற்ற நெடியோனைத் தேர்ந்தெடுத்து அவன் சிறவாதொழியினும் அணிக்கு இழப்புச் சிறிதே. அவ்விளைஞனோ தன் ஊரையும், மொழியையும், திரும்பி வாராத இளமையாண்டுகளையும் அதில் வைக்கின்றான். இருவரும் ஒரே பொருளின்மேல் நம்பிக்கை வைத்தாரெனினும் இருவர் வைத்த பணையமும் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை மறவாது மேற்செல்வோமாக.

மூவர் வரலாறு

நைஜீரிய நாட்டு லேகோஸ் நகரத்தில் 1963ஆம் ஆண்டு பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான் இளமையிற் கால்பந்தும் கைப்பந்தும் ஆடியவர். கூடைப்பந்துக்குப் பதினைந்தாம் அகவையை ஒட்டியே வந்தார். 1980ஆம் ஆண்டு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் அந்நகரத்து விளையாட்டரங்கொன்றில், அக்காலத்துப் பெருவீரரான மோசஸ் மலோனோடு நாடோறும் மோதியாடினார். மூத்தவரிடம் இடியுண்டு இடியுண்டே கற்றார். 1984இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியார் அவரை முதல்வராகத் தேர்ந்தனர். 1994, 1995 ஆகிய ஈராண்டும் அவ்வணி வாகை சூடியது. கால்பந்தாட்டத்தில் அவர் பெற்ற கால்விரைவே பின்னர் அவர்தம் புகழ்பெற்ற கால்வைப்புக்கு அடிப்படையாயிற்று என்பர்.

கேமரூன் நாட்டு ஜோயல் எம்பீடும் அவ்வாறே காலந்தாழ்த்து வந்தவர். 2014இல் பிலடெல்பியா அணியார் அவரை மூன்றாமவராகத் தேர்ந்தனர். பாதத்தின் எலும்பு முறிவால் இரண்டு பருவங்கள் அவர் ஓர் ஆட்டமும் ஆடிற்றிலர். ஊரார் நகைத்தனர்; அணியார் காத்திருந்தனர். 2016இல் ஆடத் தொடங்கிய அவர், 2023இல் அச்சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பரிசு பெற்றார்.

இனி, மறுபுறம் காண்போம். தான்சானியா நாட்டு ஹஷீம் தபீத் ஏழடி மூன்றங்குல உயரத்தினர். அவரும் பதினைந்தாம் அகவையை ஒட்டியே பந்தைத் தொட்டவர். 2009இல் மெம்பிஸ் அணியார் அவரை இரண்டாமவராகத் தேர்ந்தனர். அவர்க்குப் பின் மூன்றாமவராக ஜேம்ஸ் ஹார்டனும், ஏழாமவராக ஸ்டீபன் கறியும் தேர்ந்தெடுக்கப் பெற்றனர். இருவரும் பின்னர்த் தலைசிறந்த ஆட்டக்காரர் பரிசு பெற்றோர். தபீத்தோ முதற்பருவத்திலேயே கீழ்நிலைச் சங்கத்துக்கு அனுப்பப்பட்டு, மறு பருவத்தில் வேறோர் அணிக்கு மாற்றப்பட்டு, சில ஆண்டுகளில் அச்சங்கத்தினின்று மறைந்தார். தேர்ந்தவர் பிழைத்தனரோ, பயிற்றியவர் பிழைத்தனரோ என்று ஒருதலையாகத் துணிதல் அரிது. ஆயினும் உயரமொன்றே வெற்றி தாராது என்பது மட்டும் தெளிவு.

நம் நாட்டு நெடியர்

நம் நாட்டிற்கு மிக அணித்தாகிய வரலாறு சத்னாம் சிங் பமரா என்பாருடையது. இவர் பஞ்சாபில் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995ஆம் ஆண்டு டிசம்பரில் உழவர் குடியிற் பிறந்தார். தந்தையாரும் மிக நெடியவர். ஆயினும் ஆட்டத்திற்குச் செல்லாது நிலத்தோடு நின்றவர். மைந்தரோ சிறுவயதிலேயே லூதியானா நகரத்துக் கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பப் பெற்றார். அங்குப் பயிற்றியவர் சங்கரன் சுப்பிரமணியன் என்பார். 2010இல், பதினான்கு வயதினராய், அமெரிக்க நாட்டு ஃபுளோரிடாவிலுள்ள பயிற்சிப் பள்ளிக்கு உதவிபெற்றுச் சென்றார். அப்பொழுது ஆங்கிலம் அறியார், உணவு புதிது, உறவினர் ஒருவரும் அருகிலர்.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் நாள் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியார் இரண்டாம் சுற்றில் ஐம்பத்திரண்டாமவராக அவரைத் தேர்ந்தனர். இந்தியாவிற் பிறந்த ஒருவர் அத்தேர்விற் பெயர் பெற்றது அதுவே முதன்முறை. அந்நாளில் அவர்க்கு அகவை பத்தொன்பது. உயரம் ஏழடி இரண்டங்குலம். யாமும் இன்று அவ்வகவையினரே. அவ்வகவையில் நூறுகோடிக்கு மேற்பட்ட மக்களின் நம்பிக்கையைத் தோளிற் சுமத்தல் எத்தகைய பாரம் என்பதை எண்ணிப்பார்க்க எமக்கு நடுக்கமுண்டாகின்றது.

இரண்டு பருவங்கள் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்னும் கீழ்நிலை அணியில் அவர் ஆடினார்; அங்கும் ஆடுகளத்தில் நின்ற நேரம் சிறிது. தலைமைச் சங்கத்தில் ஓர் ஆட்டமும் ஆடும் வாய்ப்பு வந்திலது. பின்னர் இந்திய அணிக்கும், கனடா நாட்டு அணியொன்றுக்கும் ஆடினார். 2019இல் ஊக்கமருந்துச் சோதனையிற் பிழைபட்டு இரண்டாண்டுத் தடைக்கும் உள்ளானார். 2022இல் அமெரிக்க மல்யுத்தக் காட்சிமேடையில் தோன்றத் தொடங்கினார்.

இவ்வரலாற்றைத் தோல்வியென்று கூறுவாருளர். யாம் அதற்கு உடன்படேம். வாயில் இருக்குமிடத்தை அவர் ஒருவராய்ச் சென்று காட்டினார். அவர் பெயரைக் கேட்டபின், உயர்ந்த மைந்தரைப் பெற்ற சிற்றூர்ப் பெற்றோர் அவ்வுயரத்தைச் சுமையெனக் கருதாது பேறெனக் கருதவும் கற்றிருப்பர். ஆயினும் ஐம்பத்திரண்டாமவராகத் தேர்ந்த அணியின் பணையமும், பதினான்காம் அகவையில் வீடு துறந்த சிறுவனின் பணையமும் ஒப்பாமோ என்னும் வினா நிற்கவே நிற்கின்றது.

தறியினின்று ஒரு பாடம்

எம் ஊர்த் தொழில் இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது. கச்சாப் பட்டிழை பசையொடு கூடி விறைப்பாயிருக்கும். சவர்க்கார நீரிற் கொதிக்க வைத்துப் பசையை நீக்கினாலன்றி அதன் மென்மையும் ஒளியும் வெளிப்படா. அவ்வாறு நீக்குங்கால் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறையும். அது கண்டு எந்நெசவாளரும் பட்டைக் குறைகூறார். முதற்கண் உண்டாகும் அவ்விழப்பைக் கணக்கிற் சேர்த்தே பட்டை வாங்குகின்றனர். பயிற்சியற்ற நெடியோனை வாங்கும் அணியும், முதலீராண்டுத் தோல்விகளைத் தன் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அவன் கணக்கில் எழுதுதல் அறமன்று.

மற்றுமொன்று. கரையும் உடலும் வெவ்வேறு நிறமாகக் கோர்வைச் சேலை நெய்யுங்கால், நெசவாளர் பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து கரைநாடாவை எறிவர். இளையோர் பலர் இவ்வாறு உடனிருந்தே தொழில் கற்றனர். கண்டு கற்றல் பலகையில் தனித்து அமர்ந்திருத்தலன்று. நாடாவைக் கையிற் பெற்று, மூத்தோர் அருகிருந்து, தவறியவிடத்துத் திருத்தப் பெறுதலாம். ஒலாஜுவான் மலோனிடம் பெற்றதும் இதுவே. எம் நண்பர் பெறாததும் இதுவே.

முடிவுரை

ஆகவே, யாம் துணிந்தவை மூன்று. நெடிய இளைஞரைத் தேருங்கால் உயரத்தை மட்டும் நோக்காது கற்கும் விருப்பத்தையும், காலின் நலத்தையும் நோக்குக. தேர்ந்தபின் மூத்தோரொருவரை அவர்க்குத் துணையாக்கி, ஆடுகளத்தில் ஆடவிட்டுப் பயிற்றுக. ஆட்டம் கைகூடாவிடினும் அவர் வாழ்வு கைவிடப்படாவண்ணம் கல்வியைக் காத்துத் தருக. திருவள்ளுவனார் ஆராயாது தெளிதலையும், தெளிந்தபின் ஐயுறுதலையும் ஒருங்கே தீதெனக் கடிந்தார். முன்னதைப் பிழையென்று அறிவோர் பலர். பின்னதும் அத்துணைப் பிழையே என்றறிவோர் சிலர்.

எம் நண்பர் இன்றும் எம் தெருவிலேயே உளர். விட்ட தேர்வை மீண்டும் எழுதித் தேறினார். மாலை வேளைகளிற் சிறுவர் சிலரைக் கூட்டி, மீளும் பந்தைப் பற்றுதற்குக் கால்களை எங்ஙனம் ஊன்றி நிற்பது என்று கற்பிக்கின்றார். அதனைத் தாம் எவரிடமும் கற்றிலர். பலகையிலிருந்து ஓராண்டு கண்டு தாமே அறிந்தது. அச்சிறுவருள் நெடியோனொருவன் உளன். அவனை இன்னும் எவ்வணியாரும் கண்டிலர். காணுமுன் அவன் ஆடக் கற்றுவிடுவான் என்பது எம் நம்பிக்கை.