எழுத்து, அமைப்பு, பொருள்: எக்ஸ்.எம்.எல். கையேடுகளை வகுத்தலும் மெய்ப்புத் திருத்தலும்

முன்னுரை

கதையில் ஒரு சொல் பிழைபட்டால் சுவை குன்றும். கையேட்டில் ஒரு சொல் பிழைபட்டால் ஒருவர் கை சுடும். தொழில்நுட்பக் கையேட்டை யாரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிப்பதில்லை. ஒரு கையில் திருப்புளியும் மறு கையில் கையேடுமாக நின்று, எழுதியிருப்பதை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்துவிடுகிறார்கள். ஆகவே கையேட்டை எழுதுபவருக்கு எவ்வளவு பொறுப்புண்டோ, அதன் மெய்ப்பைப் பார்ப்பவருக்கும் அவ்வளவு பொறுப்புண்டு.

தமிழிலக்கிய மாணவனாகிய நான் விடுமுறைக் காலத்தில், இயந்திரக் கையேடுகளைத் தமிழில் ஆக்கித் தரும் ஒரு சிறு நிறுவனத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை செய்தேன். அங்கே கையேடுகள் அனைத்தும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு முறையிலேயே எழுதப்பட்டன. கணிப்பொறித் துறை நண்பர்களுக்கு இது பழகிய செய்தி. ஏனையோருக்குத் தொலைவான சரக்காகத் தோன்றலாம். ஆனால் இதன் உள்ளே நடப்பது பெரும்பாலும் இலக்கண வேலையே. இயந்திரம் எதுவரை பிழை காணும், எந்த இடத்திலிருந்து மனிதக் கண் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறியீட்டின் பிறப்பு

அச்சகத்துக்குப் போகும் கைப்பிரதியின் ஓரத்தில், ‘இது தடித்த எழுத்து’, ‘இங்கே ஒரு வரி இடம் விடுக’ என்று பதிப்பாசிரியர் குறிப்பெழுதுவது பழைய வழக்கம். அச்சுக் கோப்பவருக்கான அக்குறிப்புகளே பிற்காலக் கணிப்பொறிக் குறியீட்டுக்கு முன்னோடி. ஆயினும் அவை எழுத்தின் தோற்றத்தைச் சொல்லினவேயன்றி, அது இன்னது என்று சொல்லவில்லை.

1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் கோல்டுஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் ஜி.எம்.எல். என்னும் முறையை உருவாக்கினர். ‘தடித்த எழுத்து’ என்று குறிப்பதற்குப் பதில் ‘தலைப்பு’ என்று குறிப்பதே அதன் அடிப்படை. தலைப்பு எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் பிறகு ஓரிடத்தில் முடிவு செய்துகொள்ளலாம். இம்முறையிலிருந்து வளர்ந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. அதனைச் சுருக்கி எளிமையாக்கிய எக்ஸ்.எம்.எல்., 1998 பிப்ரவரி 10ஆம் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது.

கையேடுகளுக்கென்றே இருவகைக் குறிச்சொல் தொகுதிகள் பெயர்பெற்றவை. ஒன்று, 1991இல் தொடங்கிய டாக்புக். பி.எச்.பி. மொழியின் கையேடும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடும் இதில் எழுதப்படுபவை. மற்றொன்று, ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்து 2005இல் ஓயசிஸ் அமைப்பின் தரமாக ஏற்கப்பட்ட டிட்டா. டாக்புக் ஒரு நூலைப் போல இயல், பிரிவு எனப் பகுக்கும். டிட்டாவோ ‘இது என்ன?’, ‘இதை எப்படிச் செய்வது?’, ‘இதன் விவரம் எங்கே?’ என்னும் மூன்று வினாக்களுக்கும் தனித்தனிச் சிறு தலைப்புகளாகப் பகுக்கும்.

வகுத்தல்

எக்ஸ்.எம்.எல். முறையில் குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம். விதி அதற்கு இடம் தருகிறது. எனவே வீட்டு நீர்மோட்டாரின் கெப்பாசிட்டரை மாற்றும் முறையை எடுத்துக்காட்டாகத் தமிழிலேயே தருகிறேன்.

<செய்முறை அடையாளம்="கெப்பாசிட்டர்-மாற்றல்">
<தலைப்பு>கெப்பாசிட்டரை மாற்றுதல்</தலைப்பு>
<எச்சரிக்கை>மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை இறக்கும் முன் முனைகளைத் தொடாதீர்கள்.</எச்சரிக்கை>
<படி>மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூசைக் கழற்றவும்.</படி>
<படி>பெட்டியின் மூடியைத் திறக்கவும்.</படி>
<படி>கையேட்டில் குறித்துள்ள மின்தடையை இரு முனைகளுக்கும் இடையே வைத்து மின்னேற்றத்தை இறக்கவும்.</படி>
<படி>பழையதைக் கழற்றிவிட்டு, <அளவு அலகு="மைக்ரோஃபேரட்">25</அளவு> மைக்ரோஃபேரட் அளவுள்ள புதியதைப் பொருத்தவும்.</படி>
</செய்முறை>

இங்கே எழுத்தின் பருமனைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொரு பகுதியும் தான் இன்னது என்று மட்டும் சொல்கிறது. இதனால் ஒரே மூலத்திலிருந்து அச்சுப் பக்கத்தையும் திரைப் பக்கத்தையும் ஆக்கலாம். மெய்ப்புப் பார்ப்பவருக்கு வேறொரு பெரும் பயன் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

இனி, பிழை காணும் நிலைகளுக்கு வருவோம். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்திருப்பதை நாம் அறிவோம். எக்ஸ்.எம்.எல். கையேட்டின் பிழைகளையும் ஏறக்குறைய அதே முறையில் எழுத்து, அமைப்பு, பொருள் என மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம்.

முதல் நிலை: எழுத்து

திறந்த குறிச்சொல் மூடப்பட வேண்டும். உள்ளே திறந்தது உள்ளேயே மூடப்பட வேண்டும். அடுக்குப் பாத்திரத்தில் சிறியது பெரியதனுள் முழுதும் அடங்குவது போன்றது இது. பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருத்தல் ஆகாது. பண்பின் மதிப்பு மேற்கோள் குறிகளுக்குள் நிற்க வேண்டும். <, & ஆகிய இரு குறிகளையும் உரையில் அப்படியே எழுதலாகாது; அவற்றுக்கென வகுத்த மாற்று வடிவத்தில்தான் எழுத வேண்டும்.

இவ்விதிகளில் ஒன்று தவறினாலும் படிக்கும் மென்பொருள் இயல்பான வேலையைத் தொடரக் கூடாது என்பது எக்ஸ்.எம்.எல். விதி. கடுமையாகத் தோன்றினும் இது நன்மையே. பிழையை ஊகித்துச் சமாளிக்கும் மென்பொருள், ஒரு பத்தியைச் சத்தமின்றி விழுங்கிவிடவும் கூடும்.

புதியவர்களுக்கு ஒரு குறிப்பு. மூடும் குறி ஒன்று விடுபட்டால், மென்பொருள் அந்த வரியைச் சுட்டுவதில்லை. பொருந்தாத மூடும் குறி பின்னர் எந்த வரியில் எதிர்ப்படுகிறதோ அந்த வரியையே சுட்டும். எனவே சுட்டிய வரியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். பிழைகள் நாற்பது பட்டியலிடப்பட்டாலும் முதற்பிழையை மட்டும் திருத்தி மீண்டும் சோதிப்பது நன்று. மற்றவற்றுள் பல அதன் நிழல்களாகவே இருக்கும்.

இரண்டாம் நிலை: அமைப்பு

குறிகளெல்லாம் ஒழுங்காக மூடியிருந்தால் மட்டும் போதாது. தலைப்புக்கு முன்னே படி வரலாமா, படி இல்லாமலே செய்முறை இருக்கலாமா என்பவற்றை வரையறுக்க அமைப்பு விதி வேண்டும். இவ்விதியை எழுதப் பல மொழிகள் உள்ளன. ஜேம்ஸ் கிளார்க், முராத்தா மக்கோத்தோ ஆகியோர் 2001இல் உருவாக்கிய ரிலாக்ஸ் என்.ஜி. அவற்றுள் ஒன்று. டாக்புக்கின் ஐந்தாம் பதிப்பு அதிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது.

இந்நிலையில் இயந்திரம் மிகவும் திறமையானது. விடுபட்ட தலைப்பையும் இடம் மாறிய உறுப்பையும் காட்டிவிடும். அடையாளப் பெயர்கள் இரட்டித்தாலும், ஒரு மேற்கோள் சுட்டும் அடையாளம் ஆவணத்தில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடும். இதற்குமேல் அதன் பார்வை செல்லாது. மேற்கோள் சுட்டும் இடம் இருக்கிறதா என்று அது பார்க்கும். சுட்ட வேண்டிய இடம் அதுதானா என்று அதற்குத் தெரியாது.

மூன்றாம் நிலை: பொருள்

மேலே காட்டிய செய்முறையில் மூன்றாம் படியையும் நான்காம் படியையும் இடம் மாற்றி வையுங்கள். குறிகள் சரி, அமைப்பும் சரி, இயந்திரம் ‘பிழையில்லை’ என்றே சொல்லும். அதை நம்பிச் செய்பவரோ மின்னேற்றம் இறங்காத முனையைத் தொடுவார். 25 என்பதை 2.5 என்று மாற்றுங்கள். இரண்டும் எண்களே, விதி இரண்டையும் ஏற்கும். ‘தொடாதீர்கள்’ என்பதை ‘தொடுங்கள்’ என்று மாற்றுங்கள். தமிழில் எதிர்மறை வினைச்சொல்லின் உள்ளேயே ஒளிந்திருப்பதால் விரைந்து படிக்கும் கண்ணும் அதைத் தவறவிடும்.

நான் பணியாற்றிய இடத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்தது. ஒரு மோட்டார்க் கையேட்டில் எச்சரிக்கை கடைசிப் படிக்குப் பின்னே நின்றது. அங்கிருந்த அமைப்பு விதி, எச்சரிக்கை செய்முறைக்குள் எங்கும் வரலாம் என்று இடம் தந்திருந்தது. சோதனை மென்பொருள் மூன்று முறையும் ஒன்றும் சொல்லவில்லை. இறுதியில் அச்சுப் படியைப் படித்துப் பார்த்த மோட்டார் மெக்கானிக் ஒருவர், “தம்பி, எல்லாம் செய்து முடிச்ச பிறகு தொடாதேன்னா யாருக்கு லாபம்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அவர் கண்டதை அத்தனை சோதனைகளும் காணவில்லை.

அதன்பின் செய்த வேலை குறிப்பிடத்தக்கது. அந்த ஓரிடத்தை மட்டும் திருத்திவிட்டு விடவில்லை. ‘எச்சரிக்கை முதற்படிக்கு முன்னரே வர வேண்டும்’ என்று அமைப்பு விதியையே மாற்றினோம். மறுநாள் அவ்விதி மற்றக் கையேடுகளிலும் அதே பிழையைப் பிடித்துத் தந்தது. மனிதர் ஒருமுறை கண்ட பொருட்பிழையை, இயலும்போதெல்லாம் அமைப்பு விதியாக்கி இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். இத்தகைய தனி விதிகளை எழுதவென்றே ரிக் ஜெல்லிஃப் 1999இல் ஸ்கீமாட்ரான் என்னும் முறையை உருவாக்கினார். ஆனால் முதன்முறை காண்பதற்கு மனிதர் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

மெய்ப்புப் பார்ப்பவருக்கு உண்டு என்று நான் சொன்ன பெரும்பயன் இங்கேதான் வருகிறது. எச்சரிக்கைகளெல்லாம் ‘எச்சரிக்கை’ என்றே குறிக்கப்பட்டிருப்பதால், முந்நூறு பக்கக் கையேட்டிலிருந்து அவற்றை மட்டும் உருவி ஒரே தாளில் வைத்துப் படிக்கலாம். அளவுகளை மட்டும் உருவிப் பொறியாளரின் பட்டியலோடு ஒப்பிடலாம். படிகளை மட்டும் உருவி, ஒருவர் உரக்க வாசிக்க மற்றொருவர் இயந்திரத்தின் முன் நின்று செய்து பார்க்கலாம். ஒருவர் வாசிக்க ஒருவர் மெய்ப்புப் பார்ப்பது அச்சகங்களின் பழைய வழக்கம். இங்கே பார்ப்பவரின் இடத்தில் செய்பவர் நிற்கிறார், அவ்வளவே.

தமிழ்க் கையேட்டுக்கு உரியவை

ஆங்கிலக் கையேட்டில் எழாத சில சிக்கல்கள் தமிழில் எழும்.

முதலாவது, வேற்றுமை உருபு. கருவியின் பெயரைக் குறிச்சொல்லுக்குள் வைத்து உருபை வெளியே ஒட்டினால் ‘கெப்பாசிட்டர்ஐ’ என்று அச்சாகும். நமக்கு வேண்டியதோ ‘கெப்பாசிட்டரை’. மேற்கோள் தலைப்புகளை மென்பொருள் தானே இட்டு நிரப்பும்போது இச்சிக்கல் மிகும். அதற்குப் புணர்ச்சி விதி தெரியாது. ஆகவே, ‘காண்க: கெப்பாசிட்டரை மாற்றுதல்’ என்பதுபோல, நிரப்பப்படும் சொல் உருபேற்காமல் எழுவாய் வடிவிலேயே நிற்குமாறு வாக்கியத்தை அமைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகவும் கணிப்பொறிக்கு இரண்டாகவும் இருக்கும் எழுத்துகள். யூனிகோடில் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஓர் அடையாளப் பெயரை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் தட்டச்சிட்டால், ‘அப்படி ஓர் அடையாளமே இல்லை’ என்று மென்பொருள் மறுக்கும். கோப்புகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்ட பிறகே சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒத்த தோற்றமுடைய எழுத்துகள். ‘மௌனம்’ என்பதை ‘மெளனம்’ என்று ளகரமிட்டு எழுதுவது பரவலான பிழை. துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுவது மற்றொன்று. முதலிரு நிலைச் சோதனைகள் இவற்றைப் பொருட்படுத்தா. சொற்பட்டியலோடு ஒப்பிட்டும், கண்ணால் பார்த்தும்தான் களைய வேண்டும்.

முடிவுரை

குறிச்சொற்களைத் தட்டச்சிடுவது சலிப்பூட்டும் வேலை என்று கருதி, எளிய குறியீடுகளுக்கு மாறியவர்களும் உண்டு. ஃபிரீ பி.எஸ்.டி. ஆவணக் குழு 2021இல் டாக்புக்கை விட்டு ஆஸ்கிடாக் என்னும் எளிய முறைக்கு மாறியது. குறியீடு மாறலாம். ஆனால் எச்சரிக்கையை எச்சரிக்கை என்றும் படியைப் படி என்றும் பிரித்தறியும் வேலை எந்தக் குறியீட்டிலும் மாறாது.

எழுத்துப் பிழையையும் அமைப்புப் பிழையையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாம். அது நம்மினும் நன்றாகச் செய்யும். அதனால் மிஞ்சும் நேரம் ஓய்வெடுப்பதற்கு அன்று, பொருளைப் பார்ப்பதற்கு. இதற்குக் கணிப்பொறி அறிவு சிறிதும், இலக்கண அறிவு பெரிதும், செய்து பழகிய கைகளின் துணை எல்லாவற்றினும் பெரிதும் வேண்டும். தமிழில் தொழில்நுட்பக் கையேடுகள் பெருக வேண்டிய காலம் இது. மொழி பயிலும் நம் நண்பர்கள் இத்துறையைத் தமக்குரியதாகக் கருதி முன்வருவார்களாயின், மோட்டாரின் முன் நிற்கும் அந்த முகமறியா மனிதரின் கை காக்கப்படும்.