எல்லை கடந்த தாளம்

செவ்வியல் இசை கற்றறிந்த சிலருக்கே உரியது, திரையிசையும் பாப் இசையும் பொதுமக்களுக்கு உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், இவற்றுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இடையறாது நடந்து வருகிறது.

1960களின் நடுப்பகுதியில் பிலிப் கிளாஸ் என்ற அமெரிக்க இளைஞர் பாரிஸில் இசை பயின்று வந்தார். அங்கு, ஒரு திரைப்படத்திற்காகச் சிதார் கலைஞர் ரவிசங்கர் அமைத்த இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதும் பணி அவருக்குக் கிடைத்தது. வழக்கம்போல் சுரங்களைச் சமக் கூறுகளாகப் பிரித்துக் கோடுகள் இட்டு எழுதினார். இசைஞர்கள் அதைப் பார்த்து வாசித்தபோது அழுத்தம் தவறான இடங்களில் விழுந்தது. தபேலா கலைஞர் அல்லா ரக்கா அப்பிழையை மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டினார். இறுதியில், கிளாஸ் அக்கோடுகளையே நீக்கினார். அப்போதுதான் சிறு சிறு அலகுகள் சேர்ந்து நீண்ட ஆவர்த்தனமாகச் சுழல்வது அவருக்குப் புலப்பட்டது.

அந்த அனுபவம் அவரது இசைப்போக்கையே மாற்றியது. சிறு இசைத்தொடரைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, சிறிது சிறிதாக மாற்றிச் செல்லும் பாணியை அவர் வளர்த்தார். இப்பாணி பின்னர்த் திரைப்படத்திலும் புகுந்தது. வசனமே இல்லாத 'கோயானிஸ்கட்சி' (1982) என்ற படத்தில் அவரது இசையே காட்சிகளுக்குக் குரலாக அமைந்தது. பாப் இசையிடமிருந்தும் அவர் பெற்றுக்கொண்டார். டேவிட் போவியின் 'லோ' என்ற இசைத்தொகுப்பைத் தழுவி 1992ஆம் ஆண்டில் ஒரு சிம்பொனியைப் படைத்தார்.

தமிழ்த் திரையுலகிலும் இத்தகைய சங்கமம் நிகழ்ந்துள்ளது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' படத்தின் வழி நாட்டுப்புற மெட்டுகளைத் திரையில் ஒலிக்கச் செய்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் 'ஹௌ டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானிய இசைமேதைக்கும் காணிக்கையாக்கினார். 2025 மார்ச் 8ஆம் நாள் அவரது சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

பிறர் இசையை ஏற்றால் நம் மரபு கரைந்துவிடும் என அஞ்சுவோர் உளர். மேலோட்டமாக எடுத்து ஒட்டினால் அவ்வச்சம் நியாயமானதே. ஆனால், கிளாஸ் தம் பழைய கோடுகளை அழிக்கும் அளவிற்குக் கவனித்துக் கேட்டார். இளையராஜா முறையாகக் கற்றார். இருவரும் பெற்றதை உழைப்பால் தமதாக்கிக் கொண்டனர்.

இவ்வாய்ப்பு நம் நாட்டிலும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் இந்திய இசை கற்பிக்கப்படுகிறது. இரட்டைக் கோபுரத்தில் 1998இல் திறக்கப்பட்ட அரங்கில் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு செவ்வியல் இசையோடு திரையிசையையும் வாசிக்கிறது. ஒரே நகரில் இரண்டையும் கேட்டு வளரும் மாணவர், இரு மரபுகளையும் ஆழ்ந்து கற்றால் நாளைய இசைக்குப் புதுவழி காட்டலாம்.