உறைந்தும் நில்லாத குருதி

நுழையும்முன்

விளையாடும்போது முழங்கால் சிராய்த்துக் குருதி கசிவதும், சிறிது நேரத்தில் அது தானே நின்றுவிடுவதும் எல்லாருக்கும் பழகிய நிகழ்வு. அது எவ்வாறு நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நிற்க மறுத்த ஒரு சிறுமியின் குருதிதான் அந்த நுட்பத்தை மருத்துவ உலகிற்குக் காட்டிக்கொடுத்தது. அச்சிறுமியின் வரலாற்றையும், அவளுக்கிருந்த நோயைக் குழந்தைகளிடம் கண்டறிவதில் இன்றும் எழும் இடர்களையும் இப்பாடம் கூறுகிறது.

தீவிலிருந்து வந்த சிறுமி

பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே, பால்டிக் கடலில் ஆயிரக்கணக்கான சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஓலாந்து என்னும் இத்தீவுக்கூட்டம் பின்லாந்து நாட்டிற்கு உரியது. ஆயினும் மக்கள் பேசுவது சுவீடிய மொழி. இக்கூட்டத்தில் ஒன்றான ஃபோக்லோவிலிருந்து 1924ஆம் ஆண்டு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஹெல்சிங்கி நகர மருத்துவமனைக்கு அழைத்து வரப்பட்டாள். மருத்துவ ஏடுகள் அவளை யோர்டிஸ் என்ற பெயரால் குறிக்கின்றன.

அவளுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடையும். ஈறுகளில் குருதி கசியும். சிறு அடி பட்டாலும் தோல் கன்றி நீலம் பாரிக்கும். மூன்று வயதில் மேலுதட்டில் ஏற்பட்ட காயம் மூன்று நாள் ஓயாமல் ஒழுகி, அவளை உயிருக்குப் போராடும் நிலைக்குக் கொண்டுசென்றது. அவளுடைய அக்காமார் சிலர் மழலைப் பருவத்திலேயே குருதிப்போக்கால் இறந்திருந்தனர்.

அவளை ஆராய்ந்தவர் எரிக் வான் வில்லிபிராண்டு. 1870இல் பிறந்த இம்மருத்துவர், குருதி பற்றிய ஆய்வில் நெடுநாள் ஈடுபாடு கொண்டவர். நிற்காத குருதிப்போக்கு என்றவுடன் அக்கால மருத்துவர் மனத்தில் தோன்றும் பெயர் ஹீமோஃபிலியா ஒன்றே. இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் வழித்தோன்றல்கள் வாயிலாக ஐரோப்பிய அரண்மனைகளை அலைக்கழித்த நோய் அது. அந்நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெண்கள் அதைச் சுமந்து செல்வர்; நோய்வாய்ப்படுவோர் பெரும்பாலும் ஆண்களே. ஓலாந்தில் நோய்வாய்ப்பட்டிருந்ததோ ஒரு சிறுமி. இறந்தவர்களும் அவளுடைய அக்காமார். இம்முரண்பாட்டை வில்லிபிராண்டு கவனியாமல் விடவில்லை.

இரு சோதனைகளும் ஒரு புதிரும்

அன்றைய மருத்துவரிடம் இருந்த கருவிகள் மிக எளியவை. காதுமடலின் நுனியில் சிறு கீறலிட்டு, அரை நிமிடத்திற்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றியெடுத்துக் குருதி நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பது ஒரு சோதனை. இதனை அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக் 1910இல் விளக்கியிருந்தார். இது குருதி வடியும் நேரத்தை அளப்பது. எடுத்த குருதியைக் குழாயிலிட்டு, அது எப்போது கெட்டியாகிறது என்று பார்ப்பது மற்றொன்று. இது குருதி உறையும் நேரத்தை அளப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் அவை அளப்பவை வேறு. இவ்வேறுபாட்டிலேயே இப்பாடத்தின் முடிச்சு இருக்கிறது.

ஹீமோஃபிலியா நோயாளியின் காதைக் கீறினால் குருதி உரிய நேரத்தில் நின்றுவிடும். குழாயிலிட்ட குருதிதான் உறையத் தாமதிக்கும். யோர்டிஸின் நிலை இதற்கு நேர்மாறானது. அவளுடைய குருதி குழாயில் உரிய நேரத்தில் உறைந்தது. காதுமடலிலோ வடிந்துகொண்டே இருந்தது. அப்படியானால் இரத்தத் தட்டுகள் குறைந்திருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு. ஆனால், எண்ணிப் பார்த்தபோது அவையும் போதிய அளவில் இருந்தன. உறைய வேண்டியது உறைகிறது, இருக்க வேண்டியது இருக்கிறது, ஆயினும் குருதி நிற்கவில்லை. அன்றைய மருத்துவம் வகுத்திருந்த எந்தப் பெட்டிக்குள்ளும் இச்சிறுமியை அடைக்க முடியவில்லை.

வில்லிபிராண்டு அடுத்துச் செய்ததே அவரது பணியின் உயிர்நாடி எனலாம். அவர் ஒரு நோயாளியோடு நிற்காமல், அவளது தாய்வழியிலும் தந்தைவழியிலும் உறவினர்களைத் தேடிக் குடிவழிப் பட்டியல் வரைந்தார். 66 பேரைப் பற்றிய செய்திகளைத் திரட்டியதில் 23 பேருக்குக் குருதிப்போக்குத் தொல்லை இருந்தது தெரியவந்தது. அவர்களுள் ஆண்களும் இருந்தனர், பெண்களும் இருந்தனர். பெற்றோர் இருவர் குடும்பங்களிலும் அத்தொல்லை காணப்பட்டது. தம் முடிவுகளை 1926இல் சுவீடிய மொழியில் வெளியிட்டபோது, இதனை மரபுவழிப் 'போலி ஹீமோஃபிலியா' என்று அவர் அழைத்தார். பிற்கால மருத்துவ உலகம் அப்பெயரை விடுத்து, அவர் பெயராலேயே வில்லிபிராண்டு நோய் என வழங்கத் தொடங்கியது.

நோய்க்குப் பெயர் கிடைத்தது; யோர்டிஸுக்கு மருந்து கிடைக்கவில்லை. பதின்மூன்றாம் வயதில், நான்காவது மாதவிடாயின்போது ஏற்பட்ட குருதிப்போக்கால் அவள் இறந்தாள்.

குறைந்தது எது?

நோயின் அடிப்படைக் காரணம் பல ஆண்டுகள் பிடிபடவில்லை. இரத்தத் தட்டுகளில் குறை என்றனர் சிலர்; நுண்குழல்களின் சுவரில் குறை என்றனர் வேறு சிலர். 1950களில் இந்நோயாளிகளுக்கு எட்டாம் உறைதல் காரணியும் குறைந்திருப்பது தெரிந்தபோது குழப்பம் மேலும் வளர்ந்தது. ஏனெனில், ஹீமோஃபிலியா நோயாளிக்குக் குறைவதும் அதே காரணிதான்.

சுவீடனில் இங்கா மாரி நில்சனும், மார்கரேத்தா, பிர்கர் பிளம்பேக் இணையரும் இக்குழப்பத்தைத் தீர்க்க முற்பட்டனர். நலமுடையோர் குருதிநீரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதியை வில்லிபிராண்டு நோயாளிக்குச் செலுத்தியபோது குருதி வடியும் நேரம் சீரடைந்தது. இதில் வியப்பில்லை. எட்டாம் காரணி இல்லாத ஹீமோஃபிலியா நோயாளியின் குருதிநீரிலிருந்து எடுத்த பகுதியும் அதே பயனைத் தந்தது என்பதே வியப்பு. ஒருவரிடம் இல்லாத பொருளை அவர் பிறருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே, வில்லிபிராண்டு நோயில் குறைவது எட்டாம் காரணி அன்று. வேறொரு பொருள் என்பது உறுதியாயிற்று. 1957இல் இவ்வாய்வாளர்கள் ஓலாந்துக்கே சென்று யோர்டிஸின் குடும்பத்தாரை ஆராய்ந்து, அங்கும் அதே குறைபாட்டைக் கண்டனர்.

அப்பொருள் ஒரு பெரும் புரதம். அதற்கான மரபணு 12ஆம் குரோமோசோமில் உள்ளது. நோய் ஆண், பெண் என்ற வேறுபாடின்றித் தொடர்வதற்கு இதுவே காரணம். குருதிக்குழலின் உட்சுவரில் உருவாகும் இப்புரதத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகின்றன. வழக்கமான ஓட்டத்தில் சங்கிலி நூற்கண்டுபோலச் சுருண்டு மிதக்கும். குழல் அறுபட்ட இடத்தில், விரைந்து பாயும் குருதியின் இழுவிசையால் அது நீண்டு விரியும். அதன் ஒரு பக்கம் காயத்தில் வெளிப்பட்ட கொலாஜனைப் பற்றிக்கொள்ள, மறுபக்கம் ஓடும் இரத்தத் தட்டுகளைப் பிடித்து நிறுத்தும். செங்கல் போதிய அளவு இருந்தும் சாந்து இல்லையேல் சுவர் எழாது. யோர்டிஸின் உடலில் தட்டுகள் பயனற்றுப் போனது அவ்வாறே. எட்டாம் காரணியைச் சிதையாமல் சுமந்து செல்வதும் இப்புரதமே. அதனால்தான் இது குறையும்போது அக்காரணியும் குறைகிறது.

| தெரிந்து தெளிவோம் |
வில்லிபிராண்டு நோயில் மூவகை உண்டு. முதல் வகையில் புரதத்தின் அளவு குறைந்திருக்கும். பெரும்பாலோர்க்கு இருப்பது இதுவே. இரண்டாம் வகையில் புரதம் உருவானாலும் செவ்வனே செயற்படாது. மூன்றாம் வகையில் புரதம் ஏறத்தாழ இராது. இவ்வகை தோன்ற, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வர வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் என உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுகிறது.

அழுகையும் பனிக்கட்டியும்

காரணம் தெரிந்த பின்னும் குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டறிவது எளிதாகிவிடவில்லை. இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். நோய் கடுமையற்றதாயின் உறைதல் சோதனைகளும் இயல்பான விடையையே தரும். எனவே, வழக்கமான சோதனைகளை மட்டும் பார்த்து, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதற்கு இடமுண்டு. புரதத்தின் அளவையும் செயல்திறனையும் தனியே அளந்தால்தான் உண்மை புலப்படும்.

அளக்கப் போனாலும் இப்புரதம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அச்சம், அழுகை, காய்ச்சல், கடும் உழைப்பு ஆகியவற்றால் அதன் அளவு உயரும். ஊசியைக் கண்டு அலறி, நால்வர் பிடித்தும் திமிறும் குழந்தையிடம் எடுத்த குருதியில் குறைந்த அளவு இயல்பான அளவாகத் தோன்றிவிடும். பிறந்த குழந்தையிடமும் முதற்சில மாதங்கள் இப்புரதம் மிகுந்தே இருக்கும். மாறாக, 'ஓ' பிரிவுக் குருதியுடையோர்க்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாக இருப்பது இயற்கை, அது நோயன்று. எடுத்த குருதியைத் தொலைவிலுள்ள ஆய்வகத்திற்கு அனுப்புவோர், வெயிலில் கெடாதிருக்கட்டும் என்று பனிக்கட்டிமேல் வைப்பதுண்டு. குளிர்ச்சியில் அக்குருதியிலுள்ள இப்புரதத்தின் அளவு குறைந்துபோகும். நோயில்லாத குழந்தையும் நோயாளியாகிவிடும். நன்மை கருதிச் செய்த செயலே விடையைப் பிழையாக்குவது விந்தைதான்! இக்காரணங்களால், வேறுவேறு நாள்களில் மீண்டும் சோதித்த பின்னரே மருத்துவர் முடிவுக்கு வருகின்றனர்.

சோதனைக்கூடத்திற்கு வெளியிலும் இடர்கள் உண்டு. காரணமின்றிக் கன்றிய தோலைக் காணும் ஆசிரியரோ மருத்துவரோ, பெற்றோர் குழந்தையை அடித்துவிட்டனர் என்று ஐயுறலாம். உண்மையில் அடிபட்ட குழந்தைகளும் இருப்பதால் அவ்வையத்தைத் தவறென்று தள்ளிவிடவும் இயலாது. மற்றோர் இடர் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. பாட்டிக்கும் தாய்க்கும் மாதவிடாய் பத்து நாள் நீடித்திருந்தால், மகளுக்கும் அவ்வாறு நேர்வதை எவரும் நோயாகக் கருதுவதில்லை. "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற சொல் ஆறுதலாக ஒலிப்பினும், மருத்துவர் செவிக்கு அதுவே முதற்சான்று. அதனைக் கேட்டுப் பெறாத மருத்துவர், விலையுயர்ந்த கருவிகள் பல இருந்தும், காதுமடலையும் வடிதாளையும் கொண்டு ஆராய்ந்த வில்லிபிராண்டைவிடக் குறைவாகவே அறிவார்.

இன்று பல் பிடுங்கியபோதோ சதைவளர்ச்சியை அகற்றியபோதோ குருதி நெடுநேரம் ஒழுகியதா, சில்லுமூக்கு உடைந்தால் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, உறவினரில் எவருக்கேனும் இத்தொல்லை உண்டா, பூப்பெய்திய பெண்ணாயின் மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது என்றெல்லாம் கேட்டு, விடைகளுக்கு மதிப்பெண் இடும் முறை வழக்கில் உள்ளது. நோய் உறுதிப்பட்டால் மருந்தும் உண்டு. உட்சுவரில் சேமித்துள்ள புரதத்தை வெளிவரச் செய்யும் டெஸ்மோபிரெசின், 1977 முதல் இந்நோய்க்குப் பயன்பட்டு வருகிறது. அதனால் பயன்பெறாதவர்க்கு, புரதத்தையே செறிவூட்டிச் செலுத்தலாம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இரத்தத் தட்டுகளின் செயலை மேலும் தளர்த்தும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மகளுக்கு நோய் உறுதியானதும் குடும்பத்தார் அனைவரையும் சோதித்துப் பார்ப்பது வழக்கம். சில வேளைகளில் தாய்க்கும் அதே நோய் இருப்பது அன்றுதான் வெளிப்படும். ஒவ்வொரு மகப்பேற்றின்போதும் தாம் ஏன் அவ்வளவு குருதி இழந்தார் என்பதற்கான விடையை, மகளின் சோதனைத்தாளில் அவர் முதன்முதலாகக் காண்கிறார்.