உடற்பயிற்சியின் செறிவும் குருதிக் குளுக்கோசு மட்டமும்

அலகு: ஒருசீர்த்திடநிலை – முதலாம் வகை நீரிழிவு

"உடற்பயிற்சி செய்தால் குருதியிலுள்ள குளுக்கோசு குறையும்" என எழுதுவது பாதி விடையே ஆகும். முதலாம் வகை நீரிழிவு உடையவரில் குளுக்கோசு மட்டம் குறைவதா கூடுவதா என்பது பயிற்சியின் செறிவில் பெரிதும் தங்கியுள்ளது. காரணத்தை விளங்கிக்கொண்டால் விடை எழுதுவதும் எளிது. உங்கள் வகுப்பில் இந்நோயுடைய ஒருவருக்கு உதவுவதும் எளிது.

1. அடிப்படை

உணவு உண்ணாத வேளையில் சுகதேகியின் 100 மி.லீ. குருதியில் ஏறத்தாழ 70–100 மி.கி. குளுக்கோசு உண்டு. சதையியின் பீற்றா கலங்கள் சுரக்கும் இன்சுலின் இம்மட்டம் கூடாது பார்த்துக்கொள்கின்றது. முதலாம் வகை நீரிழிவில் உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே பீற்றா கலங்களை அழித்துவிடுவதால், இன்சுலினை வெளியிலிருந்து செலுத்த வேண்டும்.

சுகதேகி ஒருவர் ஓடத் தொடங்கியதும் இன்சுலின் சுரப்பு தானாகக் குறையும். ஆனால் ஊசி மூலம் தோலின் கீழ்ச் செலுத்திய இன்சுலினை மீளப்பெற முடியாது. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

2. நடுத்தரச் செறிவுப் பயிற்சி
(உ+ம்: விரைவு நடை, மெதுவோட்டம், நெடுந்தூர ஓட்டம்)

சுருங்கும் தசைகள் குருதியிலிருந்து குளுக்கோசை விரைவாக உள்ளெடுக்கின்றன. அதேவேளை, செலுத்திய இன்சுலின் ஈரலிலிருந்து குளுக்கோசு வெளிவருவதைத் தடுக்கின்றது. செலவு கூடி வரவு குறைவதால் மட்டம் இறங்கும்.

3. உயர் செறிவுப் பயிற்சி
(உ+ம்: 100 மீற்றர் ஓட்டம், பாரம் தூக்கல்)

அதிரினலின் பெருமளவு சுரக்கும். ஈரலிலுள்ள கிளைக்கோசன் உடைந்து, தசைகள் பயன்படுத்துவதிலும் விரைவாகக் குளுக்கோசு குருதியை அடையும். சுகதேகியில் பயிற்சி முடிந்ததும் இன்சுலின் சுரந்து இதனை ஈடுசெய்யும். நோயுடையவரில் அவ்வாறு நிகழாமையால் மட்டம் சிறிது நேரம் உயர்ந்திருக்கும்.

உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம் என்பவற்றில் இருவகையும் கலந்திருப்பதால் மட்டம் மெதுவாகவே இறங்கும். நடுத்தரப் பயிற்சியின் முடிவில் 10 செக்கன் முழு வேகத்தில் ஓடுவது, அதன் பின்னான வீழ்ச்சியைத் தடுப்பதாக 2006 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

4. பயிற்சியின் பின் வரும் ஆபத்து

தசைகள் இழந்த கிளைக்கோசனை மீளச் சேமிக்கும். இன்சுலினுக்கான உணர்திறனும் கூடியிருக்கும். இந்நிலை 24 மணி நேரம் வரை நீடிக்கலாம். ஆகவே மாலையில் பயிற்சி செய்தவருக்கு இரவு உறக்கத்திலேயே குளுக்கோசு அபாயகரமாகக் குறையலாம்.

5. நினைவிற் கொள்க (100 மி.லீ. குருதிக்கு)

• பயிற்சி தொடங்க உகந்த மட்டம்: 126–180 மி.கி.
• 90 மி.கி. இலும் குறைவு: 10–20 கிராம் குளுக்கோசு உட்கொண்டு, மட்டம் உயர்ந்த பின்னரே தொடங்க வேண்டும்.
• 270 மி.கி. இலும் கூட: கீற்றோன் சோதனை தேவை. கீற்றோன் அதிகமாயின் பயிற்சி கூடாது.
• நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றின்: உடனே நிறுத்தி, ஏறத்தாழ 15 கிராம் குளுக்கோசு அல்லது சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீளச் சோதிக்க வேண்டும்.
• மயங்கியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது. பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இந்நோய் மைதானத்தை விட்டு விலகக் காரணமன்று. 1997 இல் இந்நோய் கண்டறியப்பட்ட பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வசீம் அக்ரம், 2003 வரை சர்வதேசப் போட்டிகளில் விளையாடினார்.

மாதிரி வினா

முதலாம் வகை நீரிழிவுடைய மாணவி ஒருவர் மாலையில் 100 மீற்றர் ஓட்டத்தைப் பலமுறை பயின்றார். குளுக்கோசு மட்டம் 140 இலிருந்து 210 மி.கி. ஆக உயர்ந்தது.
(i) காரணம் தருக.
(ii) அவர் உடனே வழமையான அளவு இன்சுலினை மேலதிகமாகச் செலுத்துவது ஏன் ஆபத்தானது?

விடை

(i) அதிரினலினால் ஈரற் கிளைக்கோசன் உடைந்து குளுக்கோசு வெளிவந்தது. அதனை ஈடுசெய்ய இன்சுலின் சுரக்கவில்லை.
(ii) இவ்வுயர்வு தற்காலிகமானது. பயிற்சியின் பின் இன்சுலின் உணர்திறன் கூடுவதால், மேலதிக இன்சுலின் இரவில் மட்டத்தை அபாயகரமாகக் குறைக்கலாம்.

குறிப்பு: (ii) இற்கு "மட்டம் குறையும்" என மட்டும் எழுதாது, எப்போது, ஏன் குறையும் என்பதையும் எழுதுக.