வன்னியில் யாரைப் போற்றுவது?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆண்டுதோறும் பெப்ரவரியில் தம் சாதனையாளரைப் போற்றுகிறார்களே, வன்னியில் குடியேறிய மலையகத் தமிழர் யாரைப் போற்றுவது?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்து லயன்களையும் விட்டு ஓடிவந்த அந்த ஜனங்களுக்காக, வவுனியாவில் காந்தீயம் என்னும் ஸ்தாபனத்தை நடத்திக் குடியிருப்புகளும் பாலர் பள்ளிகளும் அமைத்த டாக்டர் இராஜசுந்தரத்தையும் டேவிட் ஐயாவையும் முதலில் சொல்வேன், முன்னவர் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். ஆயினும், உபகாரம் செய்தவரை மட்டும் போற்றிவிட்டு (நம்மவர் வழக்கம் அதுதான்), காடு வெட்டியும், பிறர் காணியில் கச்சான் பிடுங்கியும் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாரை மறப்பது நியாயமன்று. அவர்களைத் ‘தோட்டக்காட்டார்’ என்று ஒதுக்கும் பேச்சு இன்னும் ஓயவில்லை. விழா எடுக்குமுன், காணி அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பங்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து, பிரதேச செயலகம்வரை கூடவே போய்வாருங்கள்.